கொக்கேரியில் நைட் ஷிப்ட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தம். ஒரு கல்யாணத்தில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றிருந்தேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நைட் ஷிப்ட் பசங்க தவள எல்லாத்தையும் கொன்னுட்டானுங்கடி. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"பம்ப ஓடவுட்டுக்கினே போயிருப்பானுங்க. அடுத்து நாம போயி இன்னாத்தப் பண்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெய்வேலி சுரங்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது, வெளியே தெரியாமல் அமுக்குகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்குள் பஸ் வந்து இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். அது என் பஸ் இல்லை. ஆனால் அவர்கள் பேசியது என் கூடவே வீட்டுக்கு வந்தது. தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்தேன். செத்தவை கம்ப்யூட்டர் தவளைகள் என்றும், கொன்றது ஒன்பதாம் வகுப்பு என்றும் தெரிந்தது.

கையில் வந்த கொலைக்கதை இப்படிப் புஸ்ஸென்று போனால் எழுதுகிறவருக்கு எப்படி இருக்கும்? ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் எழுத உட்கார்ந்தேன். பஸ் நிறுத்தத்தில் கேட்டதற்கு மேல் இதில் உள்ளதெல்லாம் என் சரக்கு. யாரும் போய் அந்தப் பெண்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

"நெய்வேலி நகரியத்தின் அகன்ற சாலைகளில் மரங்கள் குடை பிடிக்க..."

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் அந்த மரத்தடியில்தான் முதலில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

"மனிதன் இயற்கையை என்றைக்கு..."

இதை முடித்திருந்தால் நானே மேற்கொண்டு படித்திருக்க மாட்டேன்.

"சண்முகப்பிரியா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

சண்முகப்பிரியா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் (பெயர் சொல்வதாக இல்லை) ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை அவள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் ஒளிச்சேர்க்கையை ஒரு தடவை விளக்கிவிட்டுத்தான் இறங்குவாள். அப்பேர்ப்பட்டவள் கம்ப்யூட்டர் லேபின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளே போட்டுக்கொண்ட விதி அது: ஆட்டம் நடக்கும்போது டீச்சர் பேசக் கூடாது.

எல்லாம் போன வருஷம் ஒரு தேர்வில் ஆரம்பித்தது. உணவுச் சங்கிலி கேள்விக்கு வகுப்பு மொத்தமும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று அம்புக்குறி கோணாமல் போட்டிருந்தார்கள். விடைத்தாளைக் கொடுத்து முடித்ததும் பேச்சுவாக்கில் கேட்டாள்: "சரி, நடுவுல தவள மட்டும் இல்லாமப் போச்சுன்னா என்ன ஆகும்?"

 கடைசியில் ஒரு பையன் எழுந்து, "தவள இல்லாம கேக்க மாட்டாங்க மிஸ். புக்லயே இருக்கு" என்றான்.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் சார் கலைச்செல்வனிடம் போய் நின்றாள். அவள் யோசித்துச் சொல்ல, அவர் நிரல் எழுத, கோடை விடுமுறை முழுக்க இருவரும் மல்லுக்கட்டி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தார்கள். அதற்குக் கொக்கேரி என்று பெயர் வைத்தார்கள்.

திரையில் ஓர் ஏரி. ஓரத்தில் கோரைப்புல், அதில் தவளை, மீன், கொக்கு. சுற்றிலும் நெல் வயல். ஒரு மூலையில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்ப். ஒவ்வொரு பருவத்திலும் பம்பை ஓட்டுவதா நிறுத்துவதா, பூச்சிமருந்து எவ்வளவு அடிப்பது, கோரையை வெட்டுவதா விடுவதா என்று பிள்ளைகள் தீர்மானிக்க வேண்டும். விளைகிற நெல்தான் மதிப்பெண். ஏரியை முப்பது வருஷம் உயிரோடு வைத்திருந்தால் வெற்றி.*

* முப்பது வருஷம் என்பது ஆட்டத்துக்குள். வெளியே, ஒரு பருவம் ஆட ஒரு பாடவேளையில் ஒரு பகுதி போதும். இதற்கு மேல் கணக்கு கேட்காதீர்கள், கலைச்செல்வன் என்னிடமும் சொல்லவில்லை.

லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். எனவே வகுப்பை மூன்றாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நாள் என்று வைத்தாள். ஏரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு குழு விட்டுப்போன நிலையில்தான் அடுத்த குழு அதைத் திறக்கும். முதல் குழு, இரண்டாம் குழு, மூன்றாம் குழு என்று அவள் பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் மறுநாளே அழித்துவிட்டு ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று எழுதிவைத்தார்கள். சுரங்கத்தில் அப்பா எந்த ஷிப்டில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் அந்த ஊரில் பகலில் வீட்டுக்குள் சத்தம் போடலாமா கூடாதா என்பதே முடிவாகும். வெள்ளிக்கிழமை காலை வெயிலில் விளையாடுகிற குழுவுக்கு நைட் ஷிப்ட் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

4

இனி தவளைகள் செத்த விதம்.

ஒவ்வொரு ஷிப்டும் வந்ததும் முதல் வேலையாக மற்ற இரண்டு ஷிப்டும் எவ்வளவு நெல் எடுத்தது என்று பார்த்தது. பிறகு அதைவிட அதிகம் எடுக்க என்ன வழியோ அதைச் செய்தது. கோரையை வெட்டி வயலாக்கினார்கள். மருந்தை அள்ளி அடித்தார்கள். மருந்துக்குப் பூச்சி செத்தது, தவளையும் செத்தது. தவளை இல்லாததால் அடுத்த பருவத்தில் பூச்சி இரண்டு மடங்காக வந்தது. இன்னும் கொஞ்சம் மருந்து அடித்தார்கள். கொக்கு பறந்துபோனது.

ஆனால் சண்முகப்பிரியாவைப் பாடாய்ப்படுத்தியது பம்ப். மூன்று ஷிப்டிலும் ஒரு பிள்ளைகூட பம்பின் சுவிட்சைத் தொடவில்லை. மழைக்காலத்தில் ஏரி ததும்பி நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருந்தது. நிலத்தடி நீர்மட்டக் கோடு கீழே கீழே போயிற்று. ஆட்டம் முடிந்து, பேசக் கூடாது என்ற விதி விலகிய நிமிஷத்தில் கேட்டாள்: "ஏன் யாருமே பம்ப நிறுத்தல?"

பிள்ளைகள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள்.

"பம்ப நிறுத்துனா முழுவிப்புடும் மிஸ்" என்றான் நைட் ஷிப்டுக்குத் தலைவனான பிரவின்குமார். பக்கத்து ஊரான வடக்குத்துப் பையன், அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. "எங்கியாவது பம்ப நிறுத்துவாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்கள் பிறந்த ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். பம்ப் நின்றது என்று யாராவது சொன்னால் வீட்டில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். நிற்கிற பம்ப் என்றாலே அவர்களுக்கு ஆபத்துதான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற டீச்சருக்கு இது எங்கே தோன்றும்?

முதல் ஏரி செத்தது. திரை இருண்டு, "ஏரி இறந்துவிட்டது" என்று ஒரு வரி வந்தது. திரும்ப ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஏரியும் செத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சண்முகப்பிரியா இதைத்தான் எதிர்பார்த்தாள். அவளே தனியாக உட்கார்ந்து எத்தனையோ தடவை ஆடிப் பார்த்திருந்தாள், அவளாலும் பாதி தூரம்கூடத் தாண்ட முடியவில்லை. தோற்பதற்காகவே வைத்த ஆட்டம் அது. மூன்றாவது ஏரியும் செத்த பிறகு வகுப்பின் நடுவில் எழுந்து நின்று, "நாம இந்த பூமிக்குச் செய்யறதும் இதுதான்" என்று தொடங்கி, அழுகை வருகிற மாதிரி ஒரு பேச்சு பேச வேண்டும். பேச்சை மனப்பாடமே செய்துவைத்திருந்தாள்.

(நானும் இந்த இடத்தில் அவள் கட்சிதான். மூன்றாவது ஏரி சாகும், லேபைப் பிடுங்கிவிடுவார்கள், கடைசி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம்... என்று முடிவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். சோகமாக முடித்தால் எழுதுகிறவருக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது, என்ன செய்ய.)

5

லேபைப் பிடுங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். தலைமை ஆசிரியை விருத்தாம்பாளை அதற்காகத்தான் கொண்டுவந்தேன். முதல் வரைவில் அவருக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை, ஒரு

அந்தப் பத்தியை அப்படியே நிறுத்திவிட்டேன். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் மனுஷி மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை.

"உக்காரு சண்முகப்பிரியா" என்றார். "நந்தினியோட அப்பா வந்துட்டுப் போனாரு."

நந்தினி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குத் தலைவி. அவள் அப்பா கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர், பர்மனென்ட்.

"என்ன மேடம் சொன்னாரு?"

"பொண்ணு வீட்ல சாப்பிடாம உக்காந்து தவள செத்துப்போச்சுன்னு அழுவுதாம். டாக்டருக்குப் படிக்க அனுப்புனா தவளைக்கு அழுவுதேன்னு கேக்குறாரு. அந்த நேரத்துல நீட் கோச்சிங் வைங்கன்றாரு. அவர் மட்டும் இல்லம்மா, நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது? பிள்ளைங்க விளையாடுதுன்னா?"

"படிக்குதுங்க மேடம்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே." விருத்தாம்பாள் காலண்டரைப் புரட்டினார். "மாசக் கடைசி சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம் இருக்கு. அங்க ஆடிக் காட்டச் சொல்லு. பிள்ளைங்க ஏதோ கத்துக்கிச்சின்னு அவங்க வாயால சொன்னா லேப் உன்னுது. இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து கோச்சிங். என்னைத் தப்பா நினைக்காத."

சண்முகப்பிரியா தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அவள் வைத்திருந்தது தோற்கிற ஆட்டம். பெற்றவர்கள் முன்னால் ஏரி செத்து, திரை இருண்டு, அவள் எழுந்து பூமியைப் பற்றிப் பேசினால் கோச்சிங் அப்போதே ஆரம்பமாகிவிடும். பேச்சை மறந்துவிட முயன்றாள். மனப்பாடம் செய்ததை மறப்பது லேசா?

6

மூன்றாவது ஏரி. கூட்டத்துக்கு இன்னும் சில வாரம் இருந்தது, அன்றைக்கு அதைத்தான் காட்டியாக வேண்டும். நிலைமை ஏற்கெனவே மோசம். நீர்மட்டம் கீழே, தவளைகளை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வாரம் செகண்ட் ஷிப்டுக்கு லேப் கிடைக்கவில்லை. விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்புப் பயிற்சி என்று மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கணக்கு தப்பக் கூடாதே என்று கலைச்செல்வன் யாரும் ஆடாமலே "அடுத்த பருவம்" பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரை முறைப்படி மூடாமல் சட்டென்று அணைத்துப் போட்டிருந்ததால், ஆட்டத்தில் பம்ப் தானாகவே நின்றிருந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் வந்து திறந்தது. பிரவின்குமார் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

"மிஸ்! கேம்ல பக்கு!"

நீர்மட்டக் கோடு ஏறியிருந்தது. வெட்டப்படாத கோரையில் தவளை முட்டைகள் நுரைநுரையாக மிதந்தன. இடைவேளை மணி அடிக்க, நந்தினி கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு ஓடிவந்தாள். கேம் கெட்டுப்போய்விட்டால் கூட்டத்தன்றைக்கு என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு.

"செகண்ட் ஷிப்ட் எவ்ளோ எடுத்தாங்க?"

"சைபர். வரவே இல்லியே. மார்ச் பாஸ்ட்டுக்குப் போயிட்டாங்க."

"மருந்து?"

"ஒண்ணும் இல்ல. பம்பும் நின்னுக்கினு இருக்கு."

நந்தினி திரையையே பார்த்தாள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சண்முகப்பிரியாவும் அதையே பார்த்தாள். ஒரு பருவம் முழுக்க எல்லாவற்றையும் சும்மா விட்டுப் பார்க்க அவளுக்கும் தோன்றியதில்லை, இப்போது புரிந்துவிட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் டீச்சரைப் பேசவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அழகாகவே வந்தது. படித்துப் பார்த்தேன், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். கிழித்துவிட்டேன்.)

"இது பக் இல்லடா" என்றாள் நந்தினி. "மெயின்டனன்ஸ்."

"எது?"

"எங்கப்பா மெஷின நிறுத்திப் போட்டு வேல பாப்பாங்கல்ல, அது. அன்னிக்கு ப்ரொடக்‌ஷன் சைபர்தான். யாரும் திட்ட மாட்டாங்க. நிறுத்தலன்னாதான் திட்டுவாங்க."

நைட் ஷிப்ட் மொத்தத்துக்கும் அது உடனே விளங்கியது. மெயின்டனன்ஸ் என்ற வார்த்தை தெரியாத வீடு ஒன்றும் அங்கே இல்லை. பிரவின்குமார் மட்டும் பம்பைப் பார்த்துக்கொண்டே தயங்கினான்.

"பம்ப நிறுத்துனா முழுவாதா?"

"கீழ என்ன மைன்ஸா இருக்கு? ஏரிதானடா இருக்கு."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் சண்டை வந்தது. நிறுத்துகிற பருவத்தில் அந்த ஷிப்டுக்குச் சைபர். யார் சைபர் வாங்குவது? செகண்ட் ஷிப்ட் நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம் என்றது. நைட் ஷிப்ட், கடைசியில் இருப்பதே நாங்கள்தான், எங்களையே ஏன் பிடிக்கிறீர்கள் என்றது. சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு நாள் கத்தினார்கள். கடைசியில் வந்த முடிவும் வீட்டிலிருந்து எடுத்ததுதான்: சுரங்கத்தில் யாரும் நிரந்தரமாக நைட் ஷிப்ட் பார்ப்பதில்லை, முறை மாறிக்கொண்டே இருக்கும். அதேபோல மெயின்டனன்ஸும் முறை போட்டு மாறட்டும். எந்த ஷிப்டின் முறையோ அந்த ஷிப்ட் பம்பை நிறுத்தி, மருந்தைத் தொடாமல், கோரையை வளரவிட்டு, சைபரை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தடுத்த வாரங்களில் ஏரி எழுந்தது. தவளை பெருகியது, பூச்சி குறைந்தது, மருந்து தேவைப்படவில்லை. நிறுத்தாத பருவங்களில் முன்னைவிட நெல் அதிகம் கிடைத்தது. டீச்சரே தாண்டாத வருஷத்தைத் தாண்டினார்கள். ஒருநாள் ஒரு கொக்கு திரும்பி வந்து கோரை ஓரத்தில் நின்றது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் போட்ட கூச்சலில் விருத்தாம்பாளே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார்.

7

மாசக் கடைசி சனிக்கிழமை. லேபில் பெற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் காலை ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார்கள். கலைச்செல்வன் சுவரில் பெரிய திரை போட்டிருந்தார். கொளஞ்சிநாதன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டத்தின் கடைசி வருஷங்கள் ஓடின. நந்தினி ஆடினாள், செகண்ட் ஷிப்ட் ஆடியது. ஏரி பச்சையாக, நிறைந்து நின்றது. பெற்றவர்களுக்கு ஏரி புரிந்ததோ இல்லையோ, மூலையில் இருந்த மதிப்பெண் பலகை நன்றாகப் புரிந்தது. நைட் ஷிப்ட் கடைசியில் இருந்தது.

கடைசிப் பருவம் பிரவின்குமாருடையது. மெயின்டனன்ஸ் முறையும் அவர்களுடையதுதான்.

சண்முகப்பிரியாவுக்கு அப்போதுதான் அந்தச் சங்கடம் கண்ணில் பட்டது. இதோடு ஆட்டம் முடிகிறது. பம்பைப் போட்டு, மருந்தை அடித்து, கோரையை ஒட்ட வெட்டினால் நைட் ஷிப்ட் ஒரே தாவலில் முதலிடத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஏரி என்ன ஆனால் என்ன, வருஷம் தீர்ந்துவிட்டது. முறைப்படி நடந்தாலோ, கூட்டத்துக்கு முன்னால் பெரிய திரையில் ஒரு பையன் சைபர் வாங்குவான். இவளிடம் படித்தால் சைபர்தான் என்று பெற்றவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், லேப் அவள் கையில் இருக்கும்.

அவள் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

"கடசி ரவுண்டுதானே தம்பி" என்றார் கொளஞ்சிநாதன். "என்னாத்துக்கு யோசிக்கிற? பம்பப் போட்டுத் தள்ளு. ஃபர்ஸ்ட்ல வந்துருவ."

"போட்றா!" என்று பின்னாலிருந்து இன்னொருவர் கத்தினார்.

பிரவின்குமார் திரும்பிப் பார்த்தான். அவன் அப்பாவும் அங்கேதான், கதவோரம் நின்றிருந்தார். அவன் காது இரண்டும் சிவந்துபோயிருந்தது.

"எப்பிடி அங்கிள்? ரிலீவர் வராம எறங்கக் கூடாதுல்ல?"

"இன்னா சொல்ற?"

"மெஷின்ல அடுத்த ஆளு வந்து கைல வாங்குற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னு நீங்கதான் அங்கிள் சொல்வீங்கன்னு நந்தினி சொன்னா. எட்டாவது பசங்க அடுத்த வருஷம் வருவாங்க. அவங்களுக்குத்தான ஏரி? நாங்க மெஷின ஒடச்சிப் போட்டுட்டா எறங்குறது?"

சொல்லிவிட்டுத் திரும்பி பம்பை நிறுத்தினான். கோரையைத் தொடவில்லை. மருந்தைத் தொடவில்லை. "அடுத்த பருவம்" என்பதை அழுத்தினான். நைட் ஷிப்டுக்கு நேராகச் சைபர் விழுந்தது, நீர்மட்டக் கோடு ஒரு விரல் ஏறியது.

 எட்டாம் வகுப்புக்கு இந்த ஏரியைக் கொடுப்பதாக சண்முகப்பிரியா ஒருநாளும் சொன்னதில்லை. அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மூன்று ஷிப்டும் அவர்களாகவே முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

கொளஞ்சிநாதன் கட்டிய கையை அவிழ்த்தார். அந்த அறையில் பாதிப் பேர், மாற்று ஆள் வரத் தாமதமானதால் பசியோடு இயந்திரத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரிடா தம்பி" என்றார் அவர். "எறங்காத. கரெக்ட்டு. எறங்காத."

கதவோரத்திலிருந்து ஒரு விசில் வந்தது. பிரவின்குமாரின் அப்பா. அதற்குப் பிறகு கைதட்டல் லேபின் தகரக் கூரையைத் தூக்கியது.* யாரோ பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நந்தினி மேசை மேல் ஏறி நின்று கத்தினாள், அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கொளஞ்சிநாதன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலைமை ஆசிரியையிடம் போனார்.

"மேடம், கோச்சிங்க சாய்ங்காலமா வச்சிக்கலாம். இத நிறுத்திப்புடாதீங்க."

"நான் எங்கங்க நிறுத்துனேன்?" என்றார் விருத்தாம்பாள். அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

* அது கான்கிரீட் கூரை என்று ஒரு நண்பர் திருத்தம் சொன்னார். தகரத்தில்தான் சத்தம் நன்றாகக் கேட்கும், மாற்ற மாட்டேன்.

8

இங்கே நிறுத்தியிருக்கலாம். எழுதிவைத்த சோக முடிவைக் கசக்கி எறிந்தாகிவிட்டது. ஜன்னலோர சீட்டும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஒன்று நடந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பது வருஷம் முடிந்து, ஏரி உயிரோடு இருக்க, சுவரில் வெள்ளையாக ஒரு பெட்டி வந்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கேம் ஹேங் ஆகித் தொங்கிவிட்டது என்று கலைச்செல்வன் பதறி ஓடினார். சண்முகப்பிரியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தொங்கவில்லை. ஏரி செத்தால் என்ன வர வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். பிழைத்தால் என்ன வர வேண்டும் என்று கலைச்செல்வன் கேட்டபோது, "அப்புறம் பாத்துக்கலாம் சார், அதுவரைக்கும் யாரு போகப்போறாங்க" என்று சொல்லியிருந்தாள். ஜெயித்தவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மனப்பாடமாக இருந்த பேச்சு முழுக்கத் தோற்றவர்களுக்கானது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். 

"மிஸ், இப்ப நீங்க பேசலாம்" என்றாள் நந்தினி. "ஆட்டம் முடிஞ்சிருச்சி."

பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்கூடப் பேசுகிறவள் வாயைத் திறந்தாள், மூடினாள், சிரித்தாள், அழுதாள். இத்தனை சந்தோஷம் தன்னால் தாங்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. பிறகு மேசையில் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் என்ன எழுதினாள்? நான் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். "வாழ்த்துகள், வெற்றி பெற்றீர்கள்" என்பது பேனர் மாதிரி இருக்கிறது. "தவளைகளின் சார்பாக நன்றி" என்றால் பிரவின்குமார் சிரிப்பான். மூன்றாவதாக எழுதியது எனக்கே பிடித்திருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். அந்த ஏரியை நான் காப்பாற்றவில்லை, நான்கூட அது சாகும் என்றுதான் பந்தயம் கட்டியிருந்தேன். என் வரி அங்கே நிற்க நியாயமில்லை. பெட்டியை உங்களுக்காக அப்படியே விட்டுவைக்கிறேன்.

[                                        ]

யோசித்து எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எட்டாவதிலிருந்து ஏறிவரும் பிள்ளைகள் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.